ஆறாம் பக்கம்

போன வருடக் கடிதம் இடப்பக்கம்,
இந்த வருடக் கடிதம் வலப்பக்கம்.
நடுவில் நான், மர ஸ்கேல், சிவப்புப் பேனா.
வண்டிச்சோலையில் மூன்று நாளாக வெயில் இல்லை.
கொடியில் கிடக்கும் துணி மாதிரி
காகிதமும் சொதசொதவென்றிருக்கிறது.

"சில சிறு மாற்றங்களுடன்" என்கிறது முதல் பக்கம்.
சிறு மாற்றங்கள்
பதினோராம் பக்கத்தில் குடியிருக்கின்றன,
எறும்பு எழுத்தில்.

நாற்பத்தோராயிரத்து முந்நூறாக இருந்த பிரீமியம்
ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு.
ஒரு வருடத்தில் எங்களுக்குக் கூடியது
ஆளுக்கு ஒரு வயதுதான்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்
செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்க வேண்டும்.
வாசித்துக் காட்டினேன்.
"சரிதானே," என்றார் மரியசூசை,
"நம்ம வலியில நமக்கும் ஒரு பங்கு வேணும்ல."
தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர்.
எந்த மெஷினைக் கழற்றிப் பூட்டினாலும்
ஒரு நட்டு மிஞ்சும் என்பது அவர் சித்தாந்தம்.

ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஸ்கேலை வைத்து
வரிவரியாக இறங்கினேன்.
பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
என் கர்ப்பப்பையை எடுத்த ஆஸ்பத்திரி
போன வருடம் நாற்பத்தேழாவது வரி.
இந்த வருடம் அந்த இடத்தில்
திருப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி.
அடித்தல் இல்லை. குறிப்பு இல்லை.

இனி கையில் காசில்லாமல் படுக்க வேண்டுமென்றால்
பதினான்கு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்.
அடைமழையில் பர்லியாரில் மண் சரிந்தால்
நெஞ்சுவலியும் வரிசையில் நிற்கும்,
கேரட் லாரிகளுக்குப் பின்னால்.
ஆம்புலன்ஸுக்கு இரண்டாயிரம் வரை தருவார்களாம்.
மண்ணை அள்ளும் ஜேசிபிக்கு எவ்வளவு என்று
எறும்புகள் சொல்லவில்லை.

போன் செய்தேன்.
"தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்."
எஸ்டேட் ஆபீஸ் சுவிட்ச்போர்டில்
இருபத்தாறு வருடம் இதே வாக்கியத்தில்
சாப்பிட்டவள் நான்.
மேனேஜரை, மேனேஜரின் மாமியாரை,
ஏல கம்பெனிக்காரர்களை எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
அப்போது மூச்சுதான் கேட்கும்.
இப்போது புல்லாங்குழல்.

பிறகு ஒரு பையன், நிதர்சனாம்.
"உங்களுக்கு அருகில் கோயம்புத்தூர், மேடம்.
முப்பத்தொன்பது கிலோமீட்டர்."
மலையை யாரோ இஸ்திரி போட்டு
அவனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

வேறு கம்பெனிக்கு மாறலாமா?
தாராளமாக.
நாற்பத்தைந்து நாள் முன்பே சொல்லியிருந்தால்.
கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது.

சாயங்காலம் மஞ்சு கொஞ்சம் விலகியது.
கிச்சன் ஜன்னலில் நின்று, எதிர் மலையைப் பார்த்து,
தினம் சொல்வதைச் சொன்னார்:
"ஃபேக்டரில மூணு லைட்டும் எரியுது."

நானும் பார்த்தேன்.
சித்திரையிலிருந்தே அங்கே ஒன்றுதான்,
கேட்டில், வாட்ச்மேனுக்காக.

தோசைக் கல்லை அடுப்பில் வைத்தேன். இறக்கினேன்.

என் சிவப்புப் பேனா போகாத
ஆறாம் பக்கத்தில் இருந்தது.
கண்புரை: காத்திருப்புக் காலம் இருபத்துநான்கு மாதங்கள்.
இரண்டு கடிதத்திலும் ஒரு எழுத்து மாறாத வரி.
போன வருடக் கடிதத்தில், அதன் ஓரத்தில்,
பென்சில் கோடுகள்.
ஃபேக்டரியில் பெட்டி எண்ணும் கணக்கு:
நான்கு நின்று, ஒன்று குறுக்கே.
நான்கு கட்டு. மூன்று உதிரி.

மாதா மாதம் இந்த டிராயரைத் திறந்து
கோடு போட்டுவிட்டு மூடியிருக்கிறார்.
மாத்திரைச் சீட்டை என்னிடம் வாசிக்கக் கொடுக்கும்போது
"கண்ணாடியை எங்கயோ வச்சிட்டேன்" என்பார்.
கண்ணாடி மூக்கில்தான் இருக்கும்.
நான் சிரித்திருக்கிறேன்.

ஒரு தவணை விட்டால்
திரும்பவும் முதல் கோடு.

சீட்டைத் தள்ளி எடுக்கலாம். வனிதா கொடுப்பாள்,
கழிவு போக ஐம்பது வரும்.
மிச்சத்துக்கு அரிசி டின்னுக்குள் ஒரு கவர் இருக்கிறது.

இரவு ஒன்பதுக்கு மறுபடி போன் செய்தேன்.
நாற்பத்தேழாவது வரி, திருப்பூர்.
ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா?
"ஒரு நிமிடம், மேடம்."
புல்லாங்குழல்.

"யாரு?" என்றார் ஜன்னலிலிருந்து.
"இன்சூரன்ஸ்."
"என்ன சொல்றாங்க?"
"காத்திருக்கச் சொல்றாங்க."
"அது தெரியும்," என்றார்.