கணக்கெடுப்பு

"வீட்ல மொத்தம் எத்தன பேரு டீச்சர்?"
இரணியலிலிருந்து வந்த பையன் கேட்டான்.
கழுத்தில் அட்டை, கையில் பலகைக் கணினி.
பையைத் துவைக்கல்லின் மேல் வைத்திருந்தான்.

முப்பது வருடம் கணக்கு நடத்தியவள் நான்.
அதில் ஏழு வருடம் நைஜீரியாவில், அபா நகரத்தில்.
எங்கள் ஊருக்குத் திங்களில் சந்தை, அதுவே ஊருக்குப் பெயர்.
அங்கே ஏகே, ஓரியே, ஆஃபோ, ன்க்வோ:
நாள் எல்லாமே சந்தை, வாரத்துக்கு நாலே நாள்.
அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன்.

பக்கத்து வீட்டு உகோச்சி பனையெண்ணெய் விற்பாள்.
ஞாயிறானால் ஒரே கீர்த்தனை, அவள் இக்போவில், நான் தமிழில்,
மெட்டு மட்டும் எவனோ இங்கிலாந்துக்காரனுடையது.
முதல் வாரம் அவள் முற்றத்துப் பிள்ளைகளை
விரல் நீட்டி ஒண்ணு, ரெண்டு என்றேன்.
ஓடி வந்து விரலைப் பிடித்து மடக்கினாள்.
ஆட்டை எண்ணு. கிழங்கை எண்ணு. ஆளை எண்ணாதே.

அவள் அம்மை காலத்தில்
வெள்ளைக்காரன் தொப்பி கொடுத்து நாட்டாமையாக்கியவன்
ஆளனுப்பினான், வீடு வீடாக எண்ண:
ஆடு, பிள்ளை, பெண்டு.
எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி
அந்தக் கையோடு அவன் கழுத்தைப் பிடித்தாள்:
"உனக்க அம்மைய எண்ணியாச்சாடே?"
(உகோச்சி சொன்னது வேறு பாஷை.
எனக்கு இப்படித்தான் கேட்டது.)

பனங்குருத்து கைமாறி கைமாறி ஊர்ஊராய்ப் போனது.
முகத்தில் சாம்பல் பூசிய பெண்கள்
நாட்டாமை வீட்டைச் சுற்றி ராவெல்லாம் ஆடினார்கள்,
அவன் தொப்பியைக் கழற்றித் தரும்வரை.
பிறகு துப்பாக்கி வந்தது.
எத்தனை பேர் செத்தார்கள், கேட்டேன்.
உகோச்சி என்னைப் பார்த்தாள்.
வாயை மூடிக்கொண்டேன்.

பதிலுக்கு நானும் எங்கள் கதையைச் சொன்னேன்:
தலைக்கு வரி, பனைக்கு வரி, ஏறுகிற ஏணிக்கு வரி,
சந்தையில் ரவிக்கையைக் கிழித்தது.
"பிறகு உங்கள் பெண்கள்?"
அடுத்த சந்தைக்கும் போட்டுக்கொண்டு போனார்கள்.
எண்ணெய்க் கையால் கைதட்டினாள்,
என் சேலையெல்லாம் சிவப்பு.

அதே உகோச்சி,
மகன் ஒசு வீட்டில் பெண் எடுப்பேன் என்றபோது
மூன்று நாள் சாப்பிடவில்லை.
அவர்கள் தெய்வத்துக்கு அடிமையாய் விடப்பட்ட வம்சமாம்.
கோயிலில் ஒரே பெஞ்சு, ஒரே அப்பம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர்
எனக்குத் தெரியாதா.

மரவள்ளிச் சாக்குக்குப் பின்னால்
துணியில் சுற்றி ஒரு குச்சி வைத்திருந்தாள், அவள் அப்பனின் ஓஃபோ.
பாதிரியார் வரும் நாளில் சாக்கு ஒன்று கூடும்.
எங்கள் வீட்டிலோ,
பேச்சிமுத்து ஏசுவடியான் ஆன அன்று
மாடன் பீடத்துக் கல்லைப் புரட்டிப் போட்டுத்
துணி துவைக்கத் தொடங்கினார்கள்.
வெளியே எறியத்தான் யாருக்கும் கை வரவில்லை.

இளையவள் அபாவில் போனாள். பதினோரு நாள் காய்ச்சல்.
அன்றைக்கு உகோச்சி என் தலைக்கு எண்ணெய் வைத்தபடி சொன்னாள்:
பிள்ளை எத்தனை என்று எவனும் கேட்டால் எண் சொல்லாதே.
இருக்கிறார்கள் என்று சொல்.

"டீச்சர்?"
மூத்தவன் மஸ்கட்டில். அவுக போய் நாலு வருஷம்.
"இருக்காவ" என்றேன்.
"எத்தன?"
"இருக்காவ, பிள்ளே."
அவன் விரல் திரையின் மேல் நின்றது.
இது எண் மட்டும் ஏறும் கட்டம், என்றான்.
எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான்
எத்தனையோ விடைத்தாளில் சிவப்பாகச் சுழித்திருக்கிறேன்.

ஒண்ணு என்று போட்டுக்கொண்டான்.
மதம் கேட்டான், சொன்னேன். அது சுலபம்.
தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.
போகும்போது செருப்புக் காலைத் தூக்கி
கல்லின் மேல் வைத்து வார் மாட்டப் போனான்.
"காலை எடு" என்றேன்,
வகுப்பறைக் குரலில்,
அவனைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன்.