கடைசி பஸ் ஆறு இருபது

தவசீலியின் மகனுடைய ஸ்கேலுக்கு முனை உடைந்திருந்தது.
இரண்டிலிருந்துதான் அளக்க முடியும்.
ரேஷன் கடைத் திட்டில் பேப்பரை விரித்து
மாவட்டப் பக்கத்தை அளந்தாள்.
அவருக்கு, படத்தோடு, பதினாறு சென்டிமீட்டர்.
யோகமலருக்கு
"இஸ்திரிப் பெட்டி சின்னத்தில் நிற்கும் பெண்ணும்
வாக்கு சேகரித்தார்."
ஸ்கேலின் உடைந்துபோன பகுதிக்குள்ளேயே
அது முடிந்துவிட்டது.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்றாள் என்னிடம்.

ஒரு வர்க்கி கொடுத்தார்கள்.
அதுவும் நமுத்த வர்க்கி.

சேரம்பாடிப் பக்கம் எங்களுக்கு நெட் எடுப்பது ஒரே இடத்தில்,
கோயில் வளைவைத் தாண்டி
மைல்கல்லுக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே.
எட்டு மணிக்குக் கோயம்புத்தூரில்
பக்கத்தை முடித்துவிடுவார்கள்.
அவர் கூட்டம் காலை பதினொன்றுக்கு, சந்தைத் திடலில்.
திரும்பும்போது ஜீப்பின் பின்சீட்டில் இடம் இருந்தது.
வளைவில் டிரைவர் தானாகவே நிறுத்தினான்:
"இங்கதான் சார் எடுக்கும், அனுப்பிடுங்க."
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அனுப்பினேன்.
இதற்கு லஞ்சம் என்று பேரில்லை.

யோகமலர் கூட்டம் பத்தாம் லைனில்.
கொழுந்தை நிறுத்து, குளித்து, சோறு வடித்து
பெண்கள் வர ஏழாகும்.
கடைசி பஸ் ஆறு இருபது.

அன்று இருந்தேன்.
மஞ்சு இறங்கி, டியூப் லைட்டைச் சுற்றி
உருண்டையாக நின்றது.
இருநூறு பேர். படத்தில் விழுந்தது
ஒரு மைக்கும் ஒரு கையும்.
"எங்கம்மா தலைமன்னாரில கப்பலேறினப்போ
அட்டையில பேரைத் தப்பா எழுதிட்டாங்க.
அந்தத் தப்புப் பேருலதான் இந்த வீடு.
அதுக்கும் பட்டா இல்ல."
கூட்டம் சிரித்தது. குறித்துக்கொண்டேன்.
வழியில் யானை என்று அரைமணி நிறுத்தினார்கள்.
வளைவுக்கு நடந்து வந்தபோது ஒன்பதரை.
"நாளைக்குப் பார்க்கலாம்" என்றது டெஸ்க்.
நாளைக்கு ஜீப் வந்தது.

தவசீலியிடம் இதைச் சொன்னால் சாக்கு என்பாள்.
சாக்குதான்.
பின்சீட்டு மெத்தென்று இருந்ததையும்
சொல்ல வேண்டியிருக்கும்.

யோகமலரிடம் சொன்னேன்.
அவள் கோபப்படவில்லை, பஸ் நேரம் கேட்டாள்.
"அப்ப மூணு மணிக்கு வச்சுக்கிறோம்."

வியாழக்கிழமை, மூன்று மணி.
மாதத்துக்கு ஒருநாள் வருகிற வெளிச்சம்,
எதிர்ச்சரிவில் இலை இலையாக எண்ணலாம்.
அங்கேதான் இருந்தார்கள் அத்தனை பேரும்,
இடுப்பளவு பச்சையில், முதுகில் பையோடு.
மைக் சத்தம் அதுவரை போனது.
கைகள் நிற்கவில்லை,
சில தலைகள் இந்தப் பக்கம் திரும்பின.
திடலில்
நாற்பது நாற்காலி, பென்ஷன்காரர் இரண்டு பேர், ஒரு நாய்,
யோகமலர்.

எடுத்தேன்.
நாலு இருபது பஸ்ஸைப் பிடித்தேன்.
வளைவில் ஒரே நிமிடத்தில் போய்விட்டது.
கீழே எழுதியிருந்தேன்:
வேலை நேரம் என்பதால் தொழிலாளர்கள்
எதிர்ச்சரிவில் நின்று கேட்டனர்.
டெஸ்க்குக்கு ரொம்பப் பிடித்தது.
"இந்த மாதிரி ஷார்ப்பா அனுப்புங்க."

காலையில்
மூன்று பத்தி அகலத்துக்குக் காலி நாற்காலிகள்.
"ஆளில்லாத திடலில் அனல் பறந்த பேச்சு."
எதிர்ச்சரிவை வெட்டியிருந்தார்கள், படத்திலும் எழுத்திலும்.
முதல்முறையாக அவள் பெயர் வந்திருந்தது,
யோகமாலா என்று.

தவசீலி ஸ்கேலை வைத்தாள்.
இரண்டாவது தடவையும் வைத்தாள்.
"பதினாறு" என்றாள்.
"அவருக்குக் குடுத்த அதே பதினாறு."

என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
ஸ்கேலை மகனின் பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்தாள்.
பாதியில் சிக்கிக்கொண்டது.