பம்பு ஓடும் நேரம்

புழுதிப்புயல் அடித்துப்போன மூன்றாம் நாள்
மேசா நகரில் என் கணக்கில் ஐந்து குளங்கள் பச்சை.
நான்குக்குப் புயல்தான் காரணம்.
ஐந்தாவது ஹாலக் வீடு.

கதவைத் திறக்கும்போதே வெர்லீன் கேட்டாள்:
"எஃப்ராயின், போன வாரம்
அடியில் கிடந்த காசில் தலையா பூவா என்று
கரையிலிருந்தே சொல்லலாம் போல இருந்ததே?"
முழங்கை வரை கையை விட்டேன்.
விரல்களைக் காணோம்.

சுவர் வழுக்கியது.
பாசிக்குப் பெரிய இடம் வேண்டாம்.
ஏணியின் முதுகு,
மூன்றாம் படியின் மூலை,
விளக்கு மூடியின் விளிம்பு,
நீரோட்டம் எட்டிப்பார்க்காத ஒரு கட்டைவிரல் அகலம் போதும்.
முன்பணம் கூடக் கொடுக்காமல்
குடிவந்துவிடும்.

குப்பியில் ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கினேன்.
மஞ்சள் ஏறவே இல்லை.
ஒரு வாரம் தாங்க வேண்டிய குளோரின்
எப்போது செத்ததோ.

அப்புறம்தான் பக்கச் சுவரில்
டைமர் பெட்டியைத் திறந்தேன்.
காலை ஒன்பதுக்கு ஓடு,
பதினொன்றுக்கு நில்.
ஜூலை மாதம். நிழலிலேயே நூற்றுப் பதின்மூன்று டிகிரி.
இரண்டு மணி நேரம்!
நான் வைத்துப்போனது பத்து.
திருகின் தலையில்
பளபளவென்று ஒரு புதுக் கீறல்.

நிமிர்ந்தேன்.
சமையலறை ஜன்னலில் டர்வார்ட் ஹாலக்,
மூக்கு நுனியில் கண்ணாடி,
கையில் கிழித்த உறை, மின்சார பில்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் திருகைப் பார்த்தேன்.
திரை இறங்கியது.

"என்னதான் ஆச்சு?" என்றாள் வெர்லீன்.
"புழுதிம்மா" என்றேன்.
முழுப் பொய் இல்லை.
முக்கால்.

முதலில் அமிலம் விட்டுத் தண்ணீரைச் சரிக்கட்டினேன்.
பிறகு பிரஷ்.
தேய்க்கத் தேய்க்க
பச்சைப் புகை எழுந்து என் நிழலை மூடியது.
பகலில் ஊற்றினால் பாதியை வெயில் குடித்துவிடும்,
அதனால் பொழுது சாய்ந்தபின் திரும்பி வந்து
நான்கு கேன் குளோரின்,
ஓரமாக, தெறிக்காமல்.
அன்றிரவு பம்பை நிறுத்தவில்லை.
பில்லை நினைத்து அவர் தூங்கினாரோ என்னவோ.

காலையில் பச்சை போயிருந்தது.
அரிசி களைந்த நீர் மாதிரி ஒரு வெளுப்பு.
செத்தாலும் பாசி உடனே கிளம்பாது,
அடியில் படுத்து அடம்பிடிக்கும்.
உறிஞ்சி வெளியே தள்ளினேன்.
வடிகட்டியை மூன்று முறை எதிர்த்திசையில் கழுவினேன்.
மூன்றாம் முறைதான்
குழாய்வாயில் வெறும் தண்ணீர்.

போகும்போது முள்ளைப் பத்துக்கு நகர்த்தினேன்.

அடுத்த புதன் அது ஏழில் இருந்தது.
ஒன்பதாக்கினேன்.
அதற்கடுத்த புதன் எட்டு.
கொஞ்சம் யோசித்து, அப்படியே விட்டேன்.
அவரும் நானும் இதுவரை
வானிலை பற்றிக்கூடப் பேசியதில்லை.

இந்தப் புதன்
பெட்டியின் மேல் ஒரு எலுமிச்சைச் சோடா,
புட்டியெல்லாம் வியர்வை.
குளத்தின் அடியில் ஒரு காசு.
தலை.
ஏணியின் பின்னால் மட்டும் விரலில் ஒரு வழுக்கல்,
தேய்த்தேன், போயிற்று.

முள் எட்டேகாலில் நிற்கிறது.
அந்தக் கால் மணி நேரம்
குளத்துக்காகவா, எனக்காகவா என்று
சோடா தீரும்வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.