மூன்றாவது கரண்டி

காரிலேயே ஒத்திகை பார்த்துவிட்டோம், தங்கையும் நானும்.
"இளைத்துவிட்டாயே என்றால்
விவாகரத்து என்று சொல்லிவிடாதே."
"வேறென்ன சொல்ல?"
"வேலை அதிகம் என்று சொல்."
கண்ணாடியில் வைப்பர்
இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டே வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பகல் ஒரு மணி.
ஹாமர்ஃபெஸ்டில் நவம்பரில் போன சூரியன்
ஜனவரியில்தான் திரும்பும்.
தெருவிளக்கில் பனி விழுந்துகொண்டிருந்தது.

பூட்ஸைக் கழற்றுமுன்பே ரண்வெய்க் அத்தை
சோல்வியின் இடுப்பை இரு கையாலும் அளந்தாள்:
"அடேயப்பா, என்ன அழகாக மெலிந்திருக்கிறாய்!
என்ன சாப்பிடுகிறாய், எங்களுக்கும் சொல்லேன்."
ஒன்றுமில்லை, அத்தை. அக்டோபரிலிருந்து ஒன்றுமில்லை.
பிறகு என் பக்கம் திரும்பினாள்,
பேசாமல் கோட்டை வாங்கி மாட்டினாள்.

பாலில் குழைந்த அரிசிக் கஞ்சி,
நடுவில் வெண்ணெய்க் குளம், மேலே பட்டைத் தூள்.
பானை முழுவதற்கும் ஒரே ஒரு பாதாம்.
யார் கரண்டியில் வருகிறதோ அவருக்கு
ஜன்னலோரம் சிவப்பு ரிப்பனோடு காத்திருக்கும்
மர்சிபான் பன்றி.

பதினாறு வயதில் ஒருமுறை ஜெயித்தேன்.
"இனம் இனத்தோடு" என்றார் டோர்பியோன் மாமா.
மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.
அதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று மூன்றாவது கரண்டியிலேயே
பல்லில் தட்டுப்பட்டது.
படகின் என்ஜின் அறையில்
நாற்பது கிலோ வால்வைத் தனியாகத் தூக்குகிறவள்,
ஒரு பாதாமைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் சாப்பிட்டார்கள்.
பாதாம் வரும்வரை சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்!
"எனக்கு அரைக் கரண்டி போதும்" என்ற அத்தை
மூன்றாம் கிண்ணத்தில் இருந்தாள்.
மாமா பெல்ட்டைத் தளர்த்தினார்.
யார் எவ்வளவு தின்கிறார் என்று எண்ண
யாருக்கும் மூச்சில்லை.
சோல்வி என் கன்னத்தைப் பார்த்தாள்,
புரிந்துகொண்டாள்,
மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.
இரண்டு மாதத்தில் அவள் சிரிப்பை
அப்போதுதான் பார்த்தேன்.

பானை தீர்ந்தது.
அத்தை அகப்பையால் அடியைச் சுரண்டினாள்.
"போட்டேனே" என்றாள்.
மறுபடியும் சுரண்டினாள்.
"போட்டேனா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
சென்ற மாதம் கார் சாவி ஃப்ரீசரில் கிடந்தது.
அதற்கு முன் அடுப்பு இரவெல்லாம் எரிந்தது.
எல்லோர் இடுப்பையும் பேசும் இந்த வீட்டில்
அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

உள்ளங்கையில் துப்பினேன்.
"போட்டிருக்கிறீர்கள், அத்தை. இதோ."

மாமா வாயைத் திறந்தார்: "இனம்—"
"வேண்டாம், மாமா" என்றாள் சோல்வி.
அவ்வளவுதான்.
காரில் இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவேயில்லை.

அத்தை பாதாமை வாங்கிக்கொண்டாள்,
என் எச்சில் ஈரத்தோடு.
விரல்களை மூடினாள்.
காபி வந்தது, கோப்பைகள் கழுவியாயிற்று;
இன்னும் மூடியே இருந்தது அந்தக் கை.
பன்றியை எடுத்துவர
யாரும் எழுந்திருக்கவில்லை.