எச்சம்

பூம்பாறைக்குக் கீழே, குழந்தைவேலுவின் மேல்பாத்தியில்
மண்ணுக்குள் பாதி இறக்கிய ஆறு குழாய்த் துண்டுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடிக்குள் மண் விடும் மூச்சு.
அரைமணிக்கு ஒருமுறை அது எண்ணாகி
என் மடிக்கணினிக்கு வந்து சேரும்,
இடையில் காட்டுமாடு மிதிக்காதிருந்தால்.

மாதிரி என்று நான் சொல்லித் திரிவது ஒரு சமன்பாடு.
பத்து டிகிரி ஏறினால் மூச்சு இரட்டிக்கும்.
ஈரம் குறைந்தால் நுண்ணுயிர் சுருண்டு படுக்கும்,
மிகுந்தால் காற்றில்லாமல் திணறும்.
நடுவில் எங்கோ ஒரு மேடு.
அந்த மேட்டின் உச்சி எங்கே என்று சொல்லத்தான்
எனக்கு மூன்று வருடச் சம்பளம்.

ஆய்வகத்தில் எல்லாம் ஒழுங்கு.
நாற்பது ஹார்லிக்ஸ் பாட்டிலில் சலித்த மண்.
பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து.
பாட்டில்கள் சொன்னபடி கேட்டன.
புள்ளிகள் வளைகோட்டின் மேல்
எறும்புகளாய் வரிசை பிடித்து ஏறின.

தை முழுக்க உறைபனி. மாசி முழுக்க வெயில்.
பூண்டு எடுத்த பாத்தி பொருக்கு வெடித்து,
கால் வைத்தால் அப்பளம் நொறுங்கும்.

மார்ச் பதினொன்று, மாலை நாலு இருபது.
பதினான்கு மில்லிமீட்டர் மழை.
மாதிரி சொன்னது: இரண்டு.
மண் சொன்னது: பதினொன்று.

கருவி கெட்டுவிட்டது என்றேன் தாட்சாயணியிடம்.
அவள் பாட்டரியை மாற்றினாள், குழலை ஊதினாள்,
"கருவிக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.
இரவு பத்து மணிக்கும் மண் அடங்கவில்லை.
ஆறு வாரம் பூட்டிக்கிடந்த வீட்டில்
விளக்கு எரிவதுபோல,
இல்லை, அப்படி இல்லை.
காய்ந்து செத்த உயிர்களைக்
காய்ந்தும் சாகாத உயிர்கள் தின்கின்றன.
பந்தி.

நைட்ரஜன் கணக்கு இன்னும் மோசம்.
கிழங்கு நடவுக்கென்று முந்தின நாள்
குழந்தைவேலு யூரியா தூவியிருக்கிறார்,
ஓரவஞ்சனை கூடாதென்று என் குழாய்களுக்குள்ளும் ஒரு கை.
"வானம் மூட்டமா இருந்துச்சு, போட்டுட்டேன்.
மண்ணுல நின்னது எவ்வளவு, ஓடைக்குப் போனது எவ்வளவு,
ஆவியாப் போனது எவ்வளவு,
உங்க பொட்டி சொல்லுமா?"
சொல்லும் என்றேன்.
"எப்ப?"

மாதிரிக்கும் மண்ணுக்கும் நடுவில் மிஞ்சுவதை
எங்கள் துறையில் எச்சம் என்போம்.
சுழியைச் சுற்றித் தூறலாய்ச் சிதறவேண்டும் அது.
என்னுடையவை அப்படியில்லை.
ஒவ்வொரு முதல் மழைக்கும் ஒரே பக்கம் சாய்கின்றன.

அந்த ஒரு நாளை எடுத்துவிடு என்று
வழிகாட்டியின் மின்னஞ்சல்.
எடுத்துப் பார்த்தேன். கோடு அழகாகத்தான் இருந்தது.
திரும்பச் சேர்த்தேன்.

எட்டாம் வகுப்பு இலக்கணத்திலும் எச்சம் உண்டு.
முடியாத வினை. காய்ந்து, செத்து, எழுந்து.
பின்னால் இன்னொரு வினை வராமல்
தனியே நிற்கத் தெரியாதவை.

இன்று மே இரண்டு. கூக்கால் பக்கம் கறுக்கிறது.
சமன்பாட்டில் புதிதாய் ஒரு உறுப்பு சேர்த்திருக்கிறேன்:
எத்தனை நாள் காய்ந்தோம் என்பதை
மண் நினைவில் வைத்திருப்பதாக.
சரியா தப்பா, தெரியாது.
மூடிகளைத் துடைத்து வைத்தாயிற்று.
குழந்தைவேலு கோணியைத் தலையில் போட்டபடி
பாத்தி ஓரம் நிற்கிறார்.
முதல் துளி பொருக்கில் விழுந்து,
மழை பெய்து