பன்மை விகுதி

இல்லு என்றால் வீடு.
இல்லுத் என்றால் வீடுகள்.
நடுவே இருப்பது
நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டு விடுகிற ஒரு த்.
ஊம்மன்னாக்கிலிருந்து ஹெலிகாப்டர் இறங்கினால்
அது கேட்காமல் போகும்.
நாய்கள் குரைத்தாலும், கெண்டி கொதித்தாலும் போகும்.
உயார்னெக்குக்கு
எப்போதுமே போயிருந்தது.

காலையில் அவன் தலையணையில்
மஞ்சளாய் ஒரு வட்டம். அதன் வாடை.
ஒன்பதாம் மாதத்தில் தொடங்கிய காது
ஒழுகியது, காய்ந்தது, ஒழுகியது.
“இங்கே எந்தப் பிள்ளைக்கு ஒழுகவில்லை?” என்றாள்
ஆலையில் என் பக்கத்தில் நின்று ஹாலிபட் அறுக்கும் நுகாகா.
நானும் சிரித்தேன். எனக்கும் ஒழுகியிருக்கிறது.
பஞ்சை மாற்றினேன்.
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன்.

எங்கள் கிரீன்லாந்தில்
ஆமாம் என்பதற்கு வாய் வேண்டாம்,
புருவத்தை உயர்த்தினால் போதும்.
இல்லை என்றால் மூக்கைச் சுருக்க வேண்டும்.
அவன் புருவம் உயர்ந்தே இருந்தது.
பசிக்கிறதா? புருவம்.
பள்ளியில் சண்டையா? புருவம்.
பாடம் புரிந்ததா என்றாள் ஆசிரியை. புருவம்.
சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று
எழுதிக்கூட அனுப்பினாள்.

ஆறு வயதில் அவனிடம் இருந்த சொற்களை
ஒரு கையுறைக்குள் போட்டுவிடலாம்.
எங்கள் சொற்களோ நீளமானவை,
ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம்.
தலையை மட்டும் பிடித்துக்கொண்டு
வாலைத் தொலைத்தான்.
யார் போனார்கள், எத்தனை பேர்,
போனார்களா போகவில்லையா
எல்லாம் வாலில் இருந்தது.

டிசம்பரில் ஒருநாள் மின்சாரம் நின்றது.
வெளியிலும் பகல் இல்லை.
“உயார்னெக், அசையாதே, கீழே வெந்நீர்” என்றேன்.
பதில் இல்லை.
இன்னும் உரக்கக் கத்தினேன்.
மரத்தரையில் அவன் பாதங்கள் நடந்து வருவது
எனக்குக் கேட்டது.
தடவிப் போய் அவன் முகத்தைப் பிடித்தேன்.
என் கட்டைவிரலுக்கு அடியில்
புருவம் உயர்ந்து நின்றது,
இருட்டில்,
கேட்காத கேள்விக்கு.

வசந்தத்தில் வந்த மருத்துவர் இரண்டு நாள் இருந்தார்.
செவிப்பறை கிழிந்திருக்கிறது, இரண்டு பக்கமும்,
என்றார் டேனிஷில்.
இத்தனை நாள் கவனிக்கவில்லையா என்றார்.
நான் மூக்கைச் சுருக்கினேன்.
அவருக்குப் புரியவில்லை.

கருவி கப்பலில் வந்தது.
முதல் நாள் தன் சட்டை உரசுவதற்கே அழுதான்.
மறுநாள் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்து
வெகுநேரம் நின்றான்.
பள்ளியில் இன்னும் சின்னப் பிள்ளைகளோடுதான் உட்காருகிறான்.
தவறிய வருடங்கள் எந்தக் கப்பலிலும் வரவில்லை.

ஆனால் அந்த த்-ஐக் கண்டுபிடித்துவிட்டான்.
கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுகிறான்.
ஒரே ஒரு படகு, படகுகள்.
ஒரே ஒரு நிலா, நிலாக்கள்.
நேற்று ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது
உள்ளறையிலிருந்து கூப்பிட்டான்:
அனானாத்!
அம்மாக்களே.

நான் திருத்தவில்லை.
பஞ்சு மாற்றியவள், தொப்பி இழுத்துவிட்டவள்,
சிரித்தவள், இருட்டில் கத்தியவள்
எல்லோருமாய்ப் போனோம்.