நட்ட எண்ணிக்கை

மெரிபேங்கில் என் சமையலறை ஜன்னலுக்கு நேரே
எண்ணெய் ஆலையின் சுடர்க்குழாய்.
மின்வெட்டு நாட்களில் அந்த வெளிச்சத்தில்தான்
பருப்பில் கல் பொறுக்குவேன்.

அதே ஆலைக்காக
மரம் எண்ணுவது என் வேலை.

தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி
கிழக்கு கேப்பின் வறண்ட சரிவில்
கம்பிவேலிக்குள் ஸ்பெக்பூம் செடிகள்.
ஒரு செடி இவ்வளவு கரியைக் குடிக்கும்,
நாற்பது வருடம் குடித்துக்கொண்டே இருக்கும்,
ஆகவே இங்கே குழாய் எரியலாம்
என்று கணக்கு.

போன வாரம் போயிருந்தேன்.
குழிகள் வரிசை தப்பவில்லை.
செடி நிற்கும் குழி,
செடி நின்றதாகச் சொல்லும் குச்சி,
குச்சியும் போய்விட்ட குழி.
பின்னிரண்டுக்கும் படிவத்தில் கட்டமில்லை.
'நட்ட எண்ணிக்கை' என்று மட்டும் கேட்கிறது.

இதே வரிசைகளை ஒரு விமான கம்பெனிக்கும்
விற்றிருக்கிறார்களாம். டிரைவர் சொன்னான்,
ரேடியோவைத் திருகிக்கொண்டே.

வேலிக்கு வெளியே ஸோலிஸ்வா.
மேய்ச்சல் போனதில் பதினோரு ஆடுகளை விற்றவள்.
மிச்சம் மூன்று
கம்பிக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தன.
"உங்க ஊர்ப் புகை இந்த வழியாகவா வருது?
நாங்க பார்த்ததே இல்லையே" என்றாள்.
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.
நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன்.

எங்கள் தெரு மெர்வின் அண்ணன்
ஒரு தைப்பூசத்துக்கு முதுகுவலி என்று
ஐந்நூறு ரேண்ட் கொடுத்து
வேறொரு பையனைக் காவடி தூக்க வைத்தார்.
கன்னத்தில் வேல் அவனுக்கு,
வேண்டுதல் இவருக்கு.
கோயில் கமிட்டி ஒரு மாதம் சண்டை போட்டது,
நாற்காலி உடைகிற வரைக்கும்.
ஆலைக்கு அந்தச் சண்டைகூட இல்லை.
பச்சை இலை முத்திரையோடு ரசீது வந்தது,
வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு
தெஷனுக்கு இழுப்பு.
காற்று கடலிலிருந்து திரும்பி
ஆலைப் பக்கமிருந்து அடித்தது,
அழுகிய முட்டை வாசனையோடு.
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.
சாத்தினாலும் வெளிச்சம் வந்தது,
மேஜைமேல் படிவம் தெரிகிற அளவுக்கு.
இன்னும் நிரப்பவில்லை.

மடியில் உட்காரவைத்து
நீலப் பம்பை அழுத்தினேன்.
மூச்சை உள்ளேயே வை,
பத்து வரைக்கும் எண்ணுகிறேன் என்றேன்.
ஆறில் இருமிவிட்டான்.
அடுத்த தடவை நாலில்.

பரவாயில்லை கண்ணா,
மறுபடி முதலிலிருந்து.
ஒன்று.